வானூர்தியின் மேனி

வானூர்தி எங்கே உருவாகின்றது என்று உங்களை வினவினால், பெரிய தொழிற்சாலையிலே பல்லாயிரம் தொழிலாளர் கூடிச் செய்கின்றனர் என்று விடை கூறுவீர்கள். அவ்விடை பெரும்பாலும் சரியே. ஆயினும், தம் வீட்டுக் கார்க் கொட்டகையிலே, மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் உழைத்து, ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லத்தக்க சிறிய வானூர்தியைச் செய்து முடித்து, அதில் தாமே ஏறிப் பறப்பவரும் உலகில் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகையோர் பல்லாயிரவர். அந்நாட்டுச் சட்டம் இதற்கு இடந்தருகின்றது. ஊர்தியைச் செய்யும் வேலையின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தாமே செய்திருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டம் விதிக்கும் தலையாய கட்டுப்பாடு. இவர்கள் 1953-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஓஷ்கோஷ் என்னும் ஊரில் கோடைதோறும் அச்சங்கத்தின் விழா நடைபெறும். தாமே செய்த ஊர்திகளில் ஏறி, நாட்டின் நாற்புறத்திலிருந்தும் உறுப்பினர் அங்கு வந்து இறங்குவர்.

1975-ஆம் ஆண்டு விழாவிற்குப் பர்ட் ரூட்டான் என்னும் பொறியாளர் தாம் வகுத்த 'வேரி-ஈசி' என்னும் ஊர்தியைக் கொணர்ந்தார். அப்பெயரை உரக்கச் சொன்னால், 'மிகவும் எளிது' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடராக ஒலிக்கும். எளிதுதானா என்பதைப் பின்னர்க் காண்போம். அதன் தம்பியாகிய 'லாங்-ஈசி' 1979-இல் பறந்தது. 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமலும், இடையில் எரிபொருள் ஏற்றிக்கொள்ளாமலும், 9 நாள்களில் உலகை வலம் வந்த 'வாயேஜர்' என்னும் ஊர்தியையும் வகுத்தவர் இவரே.

ரூட்டான் காட்டிய முறை புதுமையானது. நம் ஊரில் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளுக்கு உறவான, ஆனால் அதனினும் நெருக்கமான நுரைக்கட்டியை எடுத்துக்கொள்வர். மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பியை அதனூடே இழுத்தால், வெண்ணெயில் கத்தி செல்வதுபோல் அது சென்று, சிறகின் வடிவத்தை வெட்டித் தரும். அவ்வுருவின்மேல் கண்ணாடி இழையால் நெய்த துணியை விரித்து, எபாக்சி என்னும் பிசினை ஊட்டி, இறுக விடுவர். நுரை வடிவத்தைத் தாங்கும். துணி வலிமையைத் தரும். துணியின் ஒரு படலம் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கனமே உடையது. அத்தகைய படலங்கள் இரண்டு மூன்றே அமைந்த இடங்களும் சிறகில் உண்டு. எனினும் அவற்றை நம்பியே மனிதர் வானில் ஏறுகின்றனர். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டும்.

தொழிற்சாலையில் அச்சு உண்டு. பளிங்குபோல் மெருகிட்ட அச்சினுள் துணியை இடுவராதலின், வெளிவரும் பொருளின் புறமும் பளிங்குபோலவே இருக்கும். கொட்டகையில் அச்சு இல்லை. ஆகவே, பிசின் இறுகியபின் சிறகைப் பார்த்தால் மனம் சோர்வடையும். நெசவின் கட்டம் சாக்குத்துணிபோல் தெரியும். துணியின்மேல் துணி ஏறிய இடம் படிபோல் நிற்கும். நுரையை வெட்டுகையில் கம்பி சற்றே தயங்கிய இடம் பள்ளமாய்க் கிடக்கும். ஊர்தியின் உருவம் முடிந்துவிட்டது என்று அண்டை வீட்டார் மகிழ்வர். செய்தவரோ வேலை இன்னும் பாதி கிடக்கின்றது என்பதை அறிவார். அந்தப் பாதியே நம் பாடத்திற்குப் பொருளாகும்.

மேனியைச் சீராக்கும் இவ்வேலைக்கு நம் ஊர்க் கார்ப் பட்டறைகளில் 'பட்டி பார்த்தல்' என்று பெயர். அகராதிகளில் பட்டி என்பதற்கு ஆட்டுக்கிடை முதலிய பொருள்களையே காணலாம். நாற்பது ஆண்டுகள் அகராதியோடு வாழ்ந்த யானும், பட்டறைக்காரர் ஒருவர் வாயிலாகவே இச்சொல்லின் இப்பொருளைக் கற்றேன். சொல் எவ்வழி வந்திருப்பினும், பள்ளத்தை நிரப்பித் தேய்த்துச் சமப்படுத்துதல் என்னும் செயல் முழுவதையும் இரண்டு சொற்களில் அடக்கி விடுகின்றது. ஆதலின் ஈண்டும் அதனையே ஆள்வோம்.

பட்டி பார்ப்பது அழகுக்காக மட்டுமா எனின், அன்று. சிறகைத் தழுவிச் செல்லும் காற்று, சிறகின் தோலை ஒட்டிய இடத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. அதற்கு மேலுள்ளது மெல்ல நகர்கின்றது. அதற்கும் மேலுள்ளது விரைகின்றது. இம்மெல்லிய பகுதிக்கு எல்லைப்படலம் என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1904-இல் இதனை விளக்கினார். இப்படலம் தாள்களை அடுக்கியதுபோல் ஒழுங்காக வழுக்கிச் செல்லுமாயின் உராய்வு குறையும். இடையில் கலைந்து சுழிக்கத் தொடங்குமாயின் உராய்வு பன்மடங்காகும். கலைப்பதற்கு ஒரு பூச்சியின் உடல் போதும். சிறகின் முன்விளிம்பருகே கண்ணுக்குத் தெரியாத ஓர் அலைவு போதும். இதனை அறிந்தே, 1940-இல் முதன்முதலாகப் பறந்த மஸ்டாங் என்னும் போர் வானூர்தியின் உலோகச் சிறகுகளில், ஆணித்தலைகளும் தகட்டு இணைப்புகளும் மறையுமாறு பட்டி பூசித் தேய்த்தனர். கண்ணாடி இழையால் ஆகிய முதல் மிதவை வானூர்தி தோன்றியதும் இக்காரணம் பற்றியே. மரச்சிறகு ஈரத்தால் உப்பும், வெயிலால் சுருங்கும். எவ்வளவு இழைத்தாலும் வடிவம் நில்லாது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் எப்ளர், நேகலே என்னும் இருவர் வகுத்த பீனிக்ஸ் என்னும் ஊர்தி, பால்சா மரத்தை உள்ளீடாகவும் கண்ணாடி இழையைப் புறத்தோலாகவும் கொண்டு, 1957 நவம்பரில் பறந்து, வடிவம் மாறாத சிறகு எத்தகையது என்பதை உலகிற்குக் காட்டியது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பளபளப்பு இருந்தால் போதாதா? போதாது. பளபளப்பு வேறு, வடிவம் வேறு. நுண்ணிய கீறல் ஒன்றைக் காற்று ஒருவேளை பொறுத்துக்கொள்ளும். கீறலே இல்லாது கண்ணாடிபோல் மின்னும் அலைவைப் பொறாது. மிதவை வானூர்தி ஓட்டுவோர், 5 சென்டிமீட்டர் நீளத்திற்குள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருப்பினும் அதனை அளவுமானியால் கண்டுபிடித்துத் திருத்துகின்றனர். வேலை அறியாதவர் மினுக்குவதில் நாளைப் போக்குவர். அறிந்தவர் முதலில் அலைவை ஒழிப்பர். மினுக்கத்தைக் கடைசிக்கு விட்டுவிடுவர்.

இனி, பட்டி ஆமாறு காண்போம். எபாக்சிப் பிசினும் அதனை இறுகச் செய்யும் துணைப்பொருளும் நிறுத்துக் கலக்கப்படும். விரைவில் இறுகட்டும் என்று துணைப்பொருளைக் கூட்டினால் கார்ப் பட்டி இறுகக்கூடும். எபாக்சி அவ்வாறு இறுகாது, கெட்டுவிடும். அளவு அளவே. கலந்ததை ஒரே குவளையில் மிகுதியாக வைத்திருந்தால் தன் சூட்டாலேயே கொதித்துப் புகையும். ஆதலின் அகன்ற தட்டில் பரப்பிக்கொள்வர். பின்னர் அதில், உள்ளே வெற்றிடம் உடைய, மாவினும் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைக் கொட்டிப் பிசைவர். எடுத்த இடத்தில் குவித்து வைத்தால் வழியாது, சரியாது, குவித்தபடியே நிற்கும் பதம் வரும்வரை குமிழிகளைச் சேர்ப்பர். இதற்கு உலர்பதம் என்று பெயரிடலாம். நீர்த்த பதத்தில் பூசுவது எளிது. ஆனால் அது கனக்கும், தேய்ப்பதற்கும் கடினமாகும். பட்டி துணியைவிட மென்மையாக இருந்தால்தான் உப்புத்தாள் பட்டியைத் தின்னும், துணியைத் தீண்டாது.

கனம் என்றேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சதுர மீட்டர் பரப்பின்மேல் தேவைக்கு மிஞ்சி ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பட்டி தங்கிவிட்டது என்று கொள்வோம். அதன் கொள்ளளவு 20 லிட்டர். உலர்பதப் பட்டி லிட்டருக்கு அரைக் கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோகிராம் வீண்சுமை. குமிழி சேராத வெறும் பிசினாயின் அதனைப்போல் இரண்டு மடங்கிற்கு மேலாகும். லாங்-ஈசியின் வெற்று எடை ஏறத்தாழ 320 கிலோகிராமே. அத்தகைய சிற்றூர்திக்கு 10 கிலோகிராம் என்பது சிறிதன்று. அது தரையை விட்டு எழும்போதெல்லாம், ஊர்தி உள்ளளவும், சுமந்தே தீர வேண்டிய பாரம். ஆகையால், பூசியதில் பெரும்பகுதி தேய்ந்து தரையில் தூளாய்க் கிடத்தல் வேண்டும். பள்ளத்தை நிரப்பிய அளவே சிறகில் தங்குதல் வேண்டும்.

பூசுவதற்கு முன்னர், இறுகிய துணியின் மினுமினுப்புப் போகும் அளவிற்கு உப்புத்தாளால் மேலோட்டமாக உரசுவர். மினுக்கத்தின்மேல் பட்டி பற்றாது. தூளைத் துடைத்து, வெறும் பிசினை மிக மெல்லியதாய்த் தடவி, அது ஈரமாய் இருக்கும்போதே உலர்பதப் பட்டியை நீண்ட பலகையால் ஒரே வீச்சில் இழுப்பர். இங்கொன்று அங்கொன்றாகத் திட்டுத் திட்டாய்ப் பூசுவது பயன் தராது. ஒவ்வொரு திட்டின் விளிம்பும் புதிய மேடாகும். ஒரு பகுதி முழுவதற்கும் பூசிவிட்டு, அது நன்றாக இறுகும்வரை காத்திருத்தல் வேண்டும். அரைகுறையாய் இறுகியதைத் தேய்த்தால் உப்புத்தாள் பிசுபிசுத்து அடைந்துவிடும்.

தேய்த்தலே இக்கலையின் உயிர்நிலை. உப்புத்தாளை விரல்களால் அழுத்தித் தேய்த்தல் கூடவே கூடாது. விரல்கள் ஐந்தும் ஐந்து வாய்க்கால்களை வெட்டும். சிறிய கட்டையும் உதவாது. அது பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, அலைவை அலைவாகவே மெருகேற்றும். கொத்தனார் சுவரைச் சமப்படுத்த நீண்ட மட்டப்பலகையை எடுப்பது எதற்காகவோ, அதற்காகவே இங்கும் மூன்று நான்கு அடி நீளமுள்ள நேரான பலகையின் அடியில் முரட்டு உப்புத்தாளை ஒட்டிக்கொள்வர். சிறகின் நீளத்திற்குச் சாய்வாக ஒரு திசையிலும், பின் அதற்குக் குறுக்காக மறு திசையிலும் மாறி மாறி இழுப்பர். நீண்ட பலகை மேடுகளை மட்டுமே தொடும். பள்ளத்தின்மேல் தாண்டிச் செல்லும். எங்கே பள்ளம் என்று அறிவதற்குக் கருவண்ணத்தை மெல்லிய தூவலாக முழுதும் தெளித்துவிட்டுத் தேய்ப்பதுண்டு. மேட்டில் கருமை அழியும். பள்ளத்தில் கருமை நிற்கும். இரவில், விளக்கைச் சிறகின் மட்டத்திற்குத் தாழ்த்தி வைத்து, பக்கவாட்டிலிருந்து நோக்கினால், பகலில் சமமாகத் தெரிந்த மேனியில் மணல்மேடுகளைப் போல நிழல்கள் எழும். கண்ணினும் கை நுண்ணிது. கண்களை மூடி, மெல்லிய துணியைக் கைக்கும் சிறகிற்கும் இடையே இட்டு, உள்ளங்கையால் மெல்லத் தடவினால், கண் ஒப்புக்கொண்ட இடத்தைக் கை மறுக்கும். அப்போது கையையே நம்புதல் வேண்டும்.

தூளைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடித் தூள் மூச்சிற்குப் பகை. முகமூடி இன்றி எவரும் தேய்க்கலாகாது. பிசினும் தோலிற்கு ஆகாது. அது உடலுக்கு ஒவ்வாமல் ஒருமுறை தடித்துவிட்டால், பின்னர்ச் சிறிது பட்டாலும் தடிக்கும். கையுறை அணியாத சோம்பலால், பல ஆண்டு உழைத்த ஊர்தியைத் தாமே முடிக்க இயலாமற் போனவரும் உண்டு.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக் கூடியனவே. கடினமானது ஒன்று உண்டு, அதனைச் சொல்கின்றேன்.

இரவு பத்து மணி. தோள் வலிக்கின்றது. நான்கு வாரங்களாகத் தேய்த்த சிறகு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் சிறிய மேடு. பலகையை இழுக்க இழுக்க, அவ்விடத்தில் பட்டி முற்றும் தேய்ந்து, துணியின் நெசவுக்கட்டம் மங்கலாகத் தென்படுகின்றது. இன்னும் பத்து இழுப்பு இழுத்தால் மேடு மறையும், சிறகு கண்ணாடியாகும். நிறுத்தினாலோ, நாளைக்கு மீண்டும் பிசினை நிறுத்து, பட்டி பிசைந்து, மேட்டைச் சுற்றியுள்ள பெரும்பரப்பை எல்லாம் உயர்த்தி, இறுகும்வரை காத்து, முதலிலிருந்து தேய்க்க வேண்டும். கனமும் சிறிது கூடும். அந்தப் பத்து இழுப்பில் என்ன போய்விடும்? கால் மில்லிமீட்டர். ஆனால் அந்தக் கால் மில்லிமீட்டரே துணியின் ஒரு படலம் என்று முன்னர்க் கண்டோம். அறுபட்ட இழை பாரத்தைத் தாங்காது. அதன்மேல் எவ்வளவு பட்டி பூசினாலும் வலிமை திரும்பாது. பட்டி வடிவம் தருமேயன்றி வலிமை தராது. அறுத்துவிட்டால், அவ்விடத்தைச் சுற்றிலும் பட்டியை நீக்கி, போதிய அளவு அகலமாகப் புதுத்துணி ஒட்டியே தீர வேண்டும். அதுவும் புதியதொரு மேடாகும்.

ஆனால் வண்ணம் பூசிவிட்டால் எவரும் அறியார். பார்க்க வரும் ஆய்வாளரும் அறிவது அரிது. விழாவிற்கு வருவோர் மேனியைத் தடவிப் பார்த்து வியப்பர். இழை அறுந்த செய்தியை அறிந்தவர் ஒருவரே. அச்சிறகின்மேல் ஏறிப் போகின்றவரும் அவரே. அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு விளக்கை அணைப்பாரா, பத்து முறை இழுப்பாரா என்பதைக் கண்காணிக்க அக்கொட்டகையில் வேறு ஆள் இல்லை. பழகியவர்கள், நெசவு தென்படத் தொடங்கியதும் கை தானாகவே நிற்கும்படி தம்மைப் பயிற்றிக்கொள்கின்றனர். மேட்டைக் குறைக்காதே, சுற்றுப்புறத்தை உயர்த்து என்பதே அவர்களுடைய முறை.

நிற்க. மேனியின் சிறு மாற்றம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு இவ்வூர்திகளின் வரலாற்றிலேயே சான்று உண்டு. வேரி-ஈசிக்கும் லாங்-ஈசிக்கும் வால் பின்னால் இல்லை. மூக்கருகே ஒரு சிறு முன்சிறகு உண்டு. அதன் வடிவம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து வகுக்கப்பட்டது. உலர்ந்த வானில் அது சிறப்பாக வேலை செய்தது. மழையில் நுழைந்ததும், ஓட்டுபவர் ஒன்றும் செய்யாமலே மூக்கு தாழ்ந்தது. பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்க வேண்டியதாயிற்று. காரணம், முன்சிறகின் தோலில் படிந்த நீர்த்துளிகளே. அவை எல்லைப்படலத்தைக் கலைக்க, முன்சிறகின் தூக்கும் ஆற்றல் குறைந்தது. மூக்கு எவ்வளவு தாழும் என்பதும் ஊர்திக்கு ஊர்தி மாறுபட்டது. வரைபடம் ஒன்றாயினும் தேய்த்த கைகள் வேறல்லவா! 1980-களில் ஜான் ராங்க்ஸ் என்பவர் மழைக்கு இவ்வளவு அஞ்சாத வேறு வடிவத்தை வகுத்துத் தந்தார். முன்சிறகை மட்டும் புதிதாய்ச் செய்து மாற்றிக்கொண்டவர் பலர். அவர்களுக்குப் பட்டி வேலை மறுபடியும் தொடக்கத்திலிருந்து வந்தது. மிகவும் எளிது என்று ஒலிக்கும் பெயரை அவர்கள் அப்போது எவ்வாறு உச்சரித்தார்களோ!

பட்டி முடிந்தபின் ஊசித்துளைகள் எஞ்சும். கலக்கும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள் தேய்க்கும்போது வாய் திறந்தவை இவை. வண்ணம் இவற்றை மூடாது. மேலும் எடுத்துக் காட்டும். வெறும் பிசினை மெல்லிய தகட்டால் வழித்து வழித்துப் பூசி, துளைகளை அடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து முடிப்பர். பின்னர், ஞாயிற்றின் புறஊதாக் கதிர் பிசினைச் சிதைக்காதிருக்க அதனைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம். இவ்வூர்திகளின் மேற்பரப்புப் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். கருநிறம் வெயிலில் கொதிக்கும். கொதித்தால் பிசின் இளகி வலிமை குன்றும். முழுதும் இறுகாத பிசின்மேல் அவசரப்பட்டு வண்ணம் பூசினவர்க்கு, அடுத்த கோடையில் வெயில் பட்டுப் பிசின் மேலும் இறுகிச் சுருங்க, மறைந்துபோன நெசவுக்கட்டம் மீண்டும் வெளியே தெரியும்.

வண்ணமும் உலர்ந்தபின் ஒரு சோதனை எஞ்சி நிற்கின்றது. ஊர்தியைத் திருப்புதற்கும் ஏற்றி இறக்குதற்கும் உரிய மடல்கள், கீல்களில் தொங்கி அசைவன. கீலுக்குப் பின்னால் கனம் மிகுந்தால், விரைந்து பறக்கையில் மடல் தானே துடிக்கத் தொடங்கும். துடிப்பு நொடியில் பெருகி மடலையும் சிறகையும் பிய்த்துவிடக் கூடும். இதனைத் தடுக்க, மடலின் முன்விளிம்பில் எடைக்கோலைப் பொருத்தியிருப்பர். ஆனால் பட்டியும் வண்ணமும் பெரும்பாலும் கீலுக்குப் பின்னாலுள்ள அகன்ற பகுதியிலேயே ஏறுகின்றன. ஆகவே, எல்லா வேலையும் முடிந்தபின், மடலைக் கழற்றிக் கீலச்சில் தொங்க விட்டுப் பார்ப்பர். முன்விளிம்பு தாழ்ந்து நிற்குமாயின் அதனை ஊர்தியில் மாட்டலாம். பின்விளிம்பு தாழுமாயின், எவ்வளவு அழகாக மின்னினாலும் மாட்டலாகாது. செய்தவர் அதனை மீண்டும் மேசைமேல் கிடத்தி, முகமூடியை அணிந்து, தாம் பூசிய வண்ணத்தையும் அதன் கீழுள்ள பட்டியையும் நெசவு தென்படும் எல்லைவரை தேய்த்தெடுக்கத் தொடங்குவார்.